வெறுங்கையோட வா

இந்தக் கூடைய உன் காலுக்கடியில கொஞ்சம் தள்ளி வச்சுக்கிடுதேன் தாயி. பயப்படாத, கொத்தாது. காலக் கட்டித்தான் போட்டிருக்கேன். கண்டக்டர் ஏறும்போதே ஒரு ஆட்டம் ஆடிட்டாரு. கோழிக்கூடையோட முன்னால ஏறாத, பின்னால போங்காரு. பின்னால உக்காந்தா தூக்கித் தூக்கிப் போடும். மனுசனுக்கே ஆகாது, கோழிக்கு ஆகுமா? அதான் காதுல விழாத மாதிரி இங்கனயே உக்காந்துட்டேன். நீ ஒண்ணும் சொல்ல மாட்டேல்லா? முகத்தப் பாத்தாலே தெரியுது, நல்ல பிள்ள.

நீ எங்க இறங்கணும்? தென்காசியா. நான் அதுக்கு முந்தியே மேலநத்தம் விலக்குல இறங்கிருவேன். தங்கச்சி வீட்டுக்குப் போறேன். ஆவுடைன்னு பேரு. எனக்குன்னு இருக்கது அவ ஒருத்திதான். மவன் இருக்கான், திருப்பூர்ல. இருக்கான்னு சொல்லிக்கிட வேண்டியதுதான்.

அவ முகத்தப் பாத்து மூணு வருசமாச்சு தாயி. கூடப் பிறந்தவ, நான் தூக்கி வளத்தவ, எங்கூட மூணு வருசமாப் பேசல. நல்லது கெட்டதுக்கு நான் வாரேன்னு தெரிஞ்சா அந்தப் பக்கமே வர மாட்டா. நானும் ரோசக்காரிதான். ஆனா ரோசம் எத்தன நாளைக்கு வயித்த நெறைக்கும்? தீவாளிக்கு ஒருத்திக்குன்னு பொங்கி ஒருத்தியா உக்காந்து திங்கும்போது தெரியும்.

நேத்து போன் அடிக்கு. எடுத்தா அவ. 'யக்கா, பூங்கனி வந்திருக்கா. உன்னப் பாக்கணுங்கா. வா. ஒண்ணும் கொண்டாராத. வெறுங்கையோட வா.' அம்புட்டுத்தான். நல்லாருக்கியான்னு ஒரு வார்த்த இல்ல. நான் 'ஏட்டி ஆவுடை'ன்னு வாயெடுக்கேன், அதுக்குள்ள மறுபடியும் சொல்லுதா, 'கேட்டுச்சா? வெறுங்கையோட வா.' குரலு அப்படி நடுங்குது. வச்சிட்டா. நான் போனக் கையில வச்சுக்கிட்டு அடுப்படியிலயே உக்காந்து அழுதேன் பாரு, உலையில போட்ட அரிசி கொழஞ்சே போச்சு.

பூங்கனி யாருன்னு சொல்லலயே. அவ மவ. ஒரே மவ. இப்பம் பிள்ளத்தாச்சியா வந்து நிக்கா. பிள்ளத்தாச்சி இருக்க வீட்டுக்கு, அதுவும் மூணு வருசம் கழிச்சு, வெறுங்கைய வீசிக்கிட்டா போவாக? சொல்லுதவ அப்படித்தான் சொல்லுவா. 'நெறைய வாங்கிட்டு வா'ன்னு எவளாவது சொல்லுவாளா? அவ சொல்லுத முறைக்குச் சொல்லுதா, நாம செய்யுத முறைக்குச் செய்யணும். அதான் நாலு வெடக்கோழி. இன்னும் முட்டைக்கு வராதது. பிள்ள பெத்த பச்ச உடம்புக்காரிக்கு வெடக்கோழிச் சாறு மாதிரி ஒண்ணு கிடையாது தாயி. நல்லமொளகும் பூடும் தட்டிப் போட்டு, எலும்பு கரைய வேக விட்டுக் குடுத்தா, எந்திரிச்சு நடந்துருவா.

நீ செவக்காட்டுல வந்து வெள்ளத்தாயி வீடு எதுன்னு கேட்டுப் பாரு. கோழி வைத்தியம் பாக்க வெள்ளத்தாயியான்னுதான் திருப்பிக் கேப்பாக. நானாச் சொல்லிக்கிடல. சளி பிடிச்சுத் தொண்டையில கர்ரு கர்ருன்னு இழுத்தா, துளசியும் கற்பூரவல்லியும் கசக்கி நாலு சொட்டு. கண்ணு ஓரத்துல அம்மைக் கொப்புளம் போட்டா, வேப்பிலையும் மஞ்சளும் அரச்சு வேப்பெண்ணெயில கொழச்சுத் தடவணும். ஓடில்லாம தோல்முட்ட போட்டா சுண்ணாம்புத் தெளிவு. பேன் பிடிச்சா அடுப்புச் சாம்பலக் குவிச்சு வச்சிரு, அதுவாப் புரண்டுக்கிடும். எங்க ஊரு வாத்தியார் சம்சாரம் ஒரு நாளு ஓடியாருது, கோழிக்குத் தீனிப்பை கல்லு மாதிரி இறுகிக் கிடக்குன்னு. வெளக்கெண்ணெய ரெண்டு சொட்டு வாயில விட்டு, பையப் பையத் தடவிக் குடுத்தேன். கக்குச்சு பாரு, உருண்டையா ரப்பர் பேண்டு! அன்னையில இருந்து அந்தம்மா என்னைய டாக்டரம்மாங்கும். நான் வேண்டாம்னு சொன்னாலும் கேக்காது.

எனக்கு ஒரு பழக்கம் என்னன்னா, கோழிக்கு நோக்காடுன்னு கூப்பிட்டாக, நான் கோழிய அப்புறம்தான் பாப்பேன், மொதல்ல எச்சத்தப் பாப்பேன். எச்சம் பொய் சொல்லாது. வெள்ளையும் பச்சையுமாத் தண்ணியாப் போயிருக்கா, கோழி கண்ணச் சொருகிக்கிட்டு, றெக்கையத் தொங்கப் போட்டு ஒரு மூலையில நிக்கா, அப்படின்னா அது வெள்ளக்கழிச்சல். எமன். ஒரு வீட்டுல விழுந்துச்சுன்னா தெருவையே தொடச்சுட்டுப் போயிரும். அதுக்கும் எங்கிட்ட மருந்து உண்டு. சின்ன வெங்காயம், நல்லமொளகு, சீரகம், மஞ்சள், ஒரு கைப்பிடி கீழாநெல்லி. அம்மியில வச்சு மைய அரச்சு, சுண்டைக்காய் போல உருட்டி, வெறும் வயித்துல தொண்டைக்குள்ள தள்ளி விட்டுறணும். என் கை பட்டு ஒரு கோழி செத்ததில்ல.

ஆவுடை வீட்டுல செத்தது வேற கத. அதத்தான் சொல்ல வாரேன். கேளு.

ஆவுடை புருசன் சின்ன வயசுலயே போயிட்டாரு. பீடி சுத்தித்தான் பூங்கனிய வளத்தா. விரலு தேஞ்சு போயிருக்கும் அவளுக்கு. பூங்கனிய ராஜபாளையத்துப் பக்கம் கட்டிக் குடுத்தா. மாப்பிள்ள தங்கம். மாமியாக்காரிதான் நாக்குல ஊசி வச்சிருக்கா. பூங்கனி மொதப் பிள்ளைக்கு உண்டாயிருந்தப்ப அந்தம்மா சொல்லிச்சாம், 'பீடி சுத்துத வீட்டுல என்ன பேறுகாலம் பாத்துக் கிழிக்கப் போறாக, எம் மருமவ இங்கயே இருக்கட்டும்'னு. ஆவுடைக்கு அது நெஞ்சுல தச்சிட்டு. தலப்பிள்ளைக்கு மவ தாய் வீட்டுக்கு வரலன்னா பெத்தவளுக்கு அத விட என்ன கேவலம் இருக்கு? 'வளைகாப்பன்னிக்கு வந்து பாருங்க, எம் வாசல் முத்தத்துல கோழி நிக்குத நெறப்ப. எம் பிள்ளைக்கு நான் ஆக்கிப் போடுவேன்'ன்னு சொல்லிட்டு வந்துட்டா.

வளத்தா தாயி. ரெண்டு பெட்டைய அடைக்கு வச்சு, குஞ்சு பொரிச்சு, பருந்துக்குக் குடுக்காம, கீரிக்குக் குடுக்காம, மடியில போட்டு வளத்த மாதிரி வளத்தா. பீடித்தட்ட மடியில வச்சுக்கிட்டே கண்ணு பூரா கோழி மேலதான் இருக்கும். முத்தம் பூராக் கோழி. அதுல கருப்பின்னு ஒண்ணு, அவ பின்னாலயே அடுப்படி வரைக்கும் போகும். நான் போனா எனக்கே பொறாமையா இருக்கும். எல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுதான். எது ஒண்ணுன்னாலும், 'யக்கா, இதுக்கு என்ன செய்ய?'ன்னு எங்கிட்டதான் கேப்பா.

அந்த ஊருக்குக் கால்நடை ஆஸ்பத்திரியில இருந்து கோழிக்கு ஊசி போட வந்திருக்காக. ஆவுடை எனக்குப் போன் போட்டுட்டா. 'யக்கா, போடவா?'ன்னா. நான் சொன்னேன், 'போடாதட்டி, ஊசி குத்துன கோழி முட்டையக் கொறச்சிரும். பச்ச உடம்புக்காரிக்கு ஊசி குத்துன கோழியவா குடுக்கப் போற? நான் ஒருத்தி இருக்கும்போது ஊசி எதுக்கு?' சரின்னுட்டா. மறுபேச்சு இல்ல. என் சொல்லுக்கு அவ்வளவு மரியாத அப்பம்.

பங்குனி வெயிலு ஏற ஏற எங்க தெருக் கீழக் கோடியில கழிச்சல் விழுந்துட்டு. நான் போயி மருந்து குடுத்தேன். என்ன செய்ய, அவுக லேட்டாக் கூப்பிட்டாக. அப்புறம் நடுத்தெரு. அப்புறம் ஒரு நாளு காலையில எங்க வீட்டுக் கூட்டத் திறக்கேன், ஒரு பெட்டை மல்லாந்து கிடக்கு. அடுத்தாப்புல இன்னொண்ணு. அதச் சேக்கக் கூடாது, மருந்து அரைக்கதுக்குள்ள போயிட்டு. மிச்சம் நிண்ணது நல்லா நிண்ணுச்சு. என் சேவலு இருந்தானே, கீரி நெறத்துல, கொண்டைய ஆட்டிக்கிட்டு அவன் நடந்து வந்தா தெருவே பாக்கும். அவன எமனுக்குக் குடுக்க முடியுமா?

எங்க பக்கத்துல ஒரு வழக்கம் உண்டு. தெருவுல நோக்காடு விழுந்தா, நல்லா நிக்க கோழிகள ஊரு மாத்தி விட்டுருவோம். ஒறவுக்காரக வீட்டுக்குக் கொண்டு போயி விட்டுருதது. நோக்காடு வந்து தேடிப் பாக்கும், கோழி இருக்காது, பேசாமப் போயிரும். எங்க அம்மா காலத்துல இருந்து அப்படித்தான். நான் யார் வீட்டுல கொண்டு போயி விடுவேன்? ஆவுடை வீட்டுலதான். இதே கூடைதான் தாயி. இதே பஸ்ஸுதான்.

'யக்கா, உங்க ஊர்ல நோக்காடுங்காகளே'ன்னு வாசல்லயே கேட்டா. 'ஏட்டி, அது வாரதுக்கு முந்தி ஓடியாந்துட்டோம்லா, எம் பிள்ளைகளப் பாரு, எப்படிக் கண்ணு முழிச்சுப் பாக்குன்னு'ன்னேன். சிரிச்சிட்டா. 'நீ சொன்னா சரிதான்'னு அவளே கூடையத் திறந்து விட்டா. என் சேவலும் அவ கோழிகளும் ஒரே தட்டுல தீனி தின்னுச்சுக. பாக்க அவ்வளவு அழகா இருந்துச்சு. நானும் அவளும் வாசல்ல உக்காந்து, சுடச்சுடக் கருப்பட்டிக் காப்பி குடிச்சுக்கிட்டு அதத்தான் பாத்துக்கிட்டு இருந்தோம். நான் அவ கூட சந்தோசமா உக்காந்திருந்தது அதுதான் கடைசி.

நாலஞ்சு நாள்ல போன் வருது. அவ வெள்ளப் பெட்டை தலையத் தொங்கப் போட்டுட்டாம். மருந்தச் சொன்னேன். அரச்சுக் குடுத்தா. மறுநாளு இன்னும் நாலு. நான் அடிச்சுப் புடிச்சு ஓடுனேன். போயிப் பாத்தா, முத்தத்துல அங்கங்க கோழி சரிஞ்சு கிடக்கு. இவ நடுவுல உக்காந்திருக்கா. மடியில கருப்பி. கழுத்து அப்படியே முறுக்கிக்கிட்டு வானத்தப் பாத்து இழுக்கு. இவ அது கழுத்த நேரா நிமித்தி நிமித்தி விடுதா. விட விட அது திரும்பிக்கிடுது. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல அவ கண்ணுல. விரலு பூரா மொளகு பட்டுச் செவந்து வீங்கிப் போயிருக்கு. பீடி சுத்தித் தேஞ்ச விரலு, மொளகு பட்டா எரியாதா? தண்ணி மோந்து அவ கையில ஊத்துனேன் தாயி.

ஆனா கேட்டேன். 'எதுலட்டி அரச்ச?' 'மிக்ஸியில'ங்கா. போச்சா! நான் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன், அம்மியிலதான் அரைக்கணும்னு. மிக்ஸியில போட்டா சூடேறி மருந்தோட குணம் போயிரும்லா? அங்கதான் தப்பு நடந்துட்டு. அத நான் சொன்னதுக்கு என்னைய ஒரு பார்வ பாத்தா. நான் அம்மியில உக்காந்து எங் கையாலயே அரச்சு, இருந்த அம்புட்டுக்கும் குடுத்தேன். அதுவும் நிக்கல. நேரங்கடந்து குடுத்தா அம்மி என்ன செய்யும்? கடைசியில என் சேவலும் போயிட்டான். முத்தம் வெறிச்சுன்னு ஆயிட்டு.

வளைகாப்புக்கு நாளு குறிச்சாச்சு. தள்ளிப் போட முடியுமா? ஆவுடை குழி தோண்டிப் பொதச்சு, சாணி தெளிச்சு, கோலம் போட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி ஆக்கிட்டா. கடையில கறிக்கோழி எடுத்துக் குழம்பு வச்சா. வேன் வந்து நிக்கு. சம்பந்தியம்மா இறங்குனதும் இறங்காததுமா, 'எங்க உங்க கோழிக?'ங்குது. ஆவுடை சிரிச்ச முகமா, 'காட்டுப் பக்கம் மேயப் போயிருக்கு'ன்னா. நான் பக்கத்துலதான் நிக்கேன். அந்தம்மா மேலயும் கீழயும் பாக்குது. நம்புத மாதிரி தெரியல. என் தங்கச்சிய ஒருத்தி பொய்க்காரின்னு நெனைக்கதா? எனக்குப் பொறுக்கல. நான் எடுத்துச் சொன்னேன், 'இல்ல மதினி, கழிச்சல் வந்து எல்லாம் போயிட்டு, அவ நல்லாத்தான் வளத்தா, மிக்ஸியில அரச்சதால மருந்து கேக்கல'ன்னு. மருந்து செய்யுத முறையவும் சொன்னேன். அவுகளுக்கும் பயன்படும்லா?

அந்தம்மா சேலைய மூக்குல வச்சுக்கிடுச்சு. 'கோழி கொத்துக் கொத்தாச் செத்து விழுந்த வீட்டுலயா பிள்ளத்தாச்சிய விட்டுட்டுப் போவேன்? ஏறு வேன்ல'ன்னுட்டு. ஒரு வாய் சாப்பிடல. மாப்பிள்ள தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. பூங்கனி வேன் ஜன்னல் வழியாக் கைய நீட்டுதா, 'யம்மா, யம்மா'ங்கா. அன்னைக்குப் போட்ட கண்ணாடி வளையலு முழங்கை வரைக்கும் கலகலங்குது. ஆவுடை வேனோடயே கொஞ்ச தூரம் ஓடுனா. அப்புறம் ரோட்டுலயே நிண்ணுட்டா. நான் சமைச்சதெல்லாம் கிடக்கேன்னு உள்ள போயி மூடி வச்சேன். வேற என்ன செய்ய எனக்குத் தெரியல தாயி.

பூங்கனிக்கு அங்கதான் பிள்ள பிறந்துச்சு. ஆம்பளப் பிள்ள. தங்கல. காய்ச்சல்ல கிடந்தாளாம், பக்கத்துல பெத்தவ இல்ல, கேட்டத ஆக்கிக் குடுக்க ஆளில்ல. ஆவுடைக்குச் சொல்லி விட்டு அவ போயிச் சேருததுக்குள்ள எல்லாம் முடிஞ்சு மண்ணும் போட்டுட்டாக. பேரப்பிள்ள முகத்த அவ பாக்கல. நானும் பாக்கல. யாரு மாதிரி இருந்துச்சோ.

நான் துக்கம் கேக்கப் போனேன். வாசல்ல வந்து நிண்ணா. வான்னு சொல்லல. 'யக்கா, நீ கூடையில கொண்டாந்து விட்டது என் வீட்டு முத்தத்தோட நிக்கல. எம் பேரன் வரைக்கும் போயிட்டு. இனி நீ எம் படி ஏறாத'ன்னா. சத்தம் போட்டுச் சொல்லல, மெதுவாத்தான் சொன்னா. கதவச் சாத்திட்டா.

நீயே சொல்லு தாயி, இது நியாயமா? என் கோழியவா சொல்லுதது? மொதல்ல தலையத் தொங்கப் போட்டது யாரு கோழி? அவ வெள்ளப் பெட்டை. என் சேவலு செத்தது கடைசி. கடைசியில செத்தவன் எப்படி மொதல்ல செத்தவளுக்கு நோக்காட்டக் குடுப்பான்? பச்சப் பிள்ளைக்குக்கூடப் புரியுமே! இன்னும் சொல்லப் போனா, அவ வீட்டுல விட்டதாலதான் என் சேவலு போனான். நான் ஒரு வார்த்த கேட்டேனா? என் கோழிகளும்தான் செத்துச்சு, எங்கிட்ட யாரு வந்து துக்கம் கேட்டா?

சரி, விடு. பெத்த வயிறு எரிஞ்சு சொன்னது. அத நான் மனசுல வச்சுக்கிட முடியுமா? மொதல்ல ரொம்பக் கோவம். அப்புறம் கோவமும் இல்ல. எதயாவது நல்லதாச் சமைச்சா, இத ஆவுடைக்குக் குடுத்து விடணுமேன்னு கை தூக்குச்சட்டிய எடுத்துரும். அப்புறம் திரும்ப அதே ஆணியில மாட்டி வைப்பேன். அது கொடும தாயி. செத்துப் போனாக்கூட மனசு ஆறிரும். உசுரோட இருக்கா, ஒரு பஸ்ஸு தூரத்துல இருக்கா, போக முடியாது.

இப்பம் சாமி கண்ணத் தொறந்துட்டு. பூங்கனி மறுபடியும் உண்டாயிட்டா. இந்தத் தடவ மாப்பிள்ள அவுக அம்மாவ மீறிக் கொண்டாந்து விட்டிருக்காராம். தலப்பிள்ள தங்காததால மறுபடியும் வளைகாப்பு, வாரக் கடைசியில, ஆவுடை வீட்டுலயே வச்சு. ஆவுடையும் மறுபடியும் கோழி வளத்திருக்கா. இதெல்லாம் மேலநத்தத்துக்காரி ஒருத்தி சந்தையில சொன்னா. கம்பி வலை கட்டி, பூட்டுப் போட்டு, அக்கம் பக்கத்து ஆள்களக்கூட கிட்ட விட மாட்டாளாம். செருப்ப வெளிய போட்டுக் கால் கழுவிட்டுத்தான் அவளே உள்ள போவாளாம். கோயிலுக்குப் போற மாதிரி! கேட்டுட்டு நாங்க சிரிச்சோம். பாவம், தனியாக் கிடந்து கிடந்து புத்தி ஒரு மாதிரி ஆயிட்டு. இனி நான் போயிட்டா எல்லாம் சரியாயிரும்.

இந்த நாலும் அந்தக் கோழிகளோட சேந்து நிக்கட்டும். பூங்கனி பெத்து எந்திரிக்க வரைக்கும் நானும் கூட இருந்து ஆக்கிப் போடுவேன். நானும் இதுகள நல்ல நேரத்துலதான் எடுத்துட்டு வந்துருக்கேன். எங்க தெருவுல மறுபடியும் ரெண்டு மூணு வீட்டுல ஆரம்பிச்சிட்டு, கேட்டியா? எதுத்த வீட்டுல காலையிலதான் ஒண்ணக் கொண்டு போயிப் பொதச்சாக. இன்னும் ரெண்டு நாளு விட்டிருந்தா இதுகளும் மாட்டிருக்கும். ஆவுடை போன் வந்ததும் சரியா இருந்துச்சு, இதுகளுக்கு ஊரு மாத்துனதும் சரியா இருந்துச்சு. சாமி செயல்தான்.

என்ன தாயி, முகம் ஒரு மாதிரி ஆயிட்டு? பஸ்ஸு ஒத்துக்கிடலயா?

எது? இதுவா? இது ஒண்ணுமில்ல. பஸ்ஸு ஆட்டத்துல மயங்கிட்டு. கோழிக்கும் தலை சுத்தும்லா. ஏய், இந்தா, கண்ணத் தொற. பாரு, தொறக்கால்ல? மறுபடி சொருகுது, தூக்கம். காலையில வெள்ளன எழுப்பிட்டேன்லா. றெக்க தொங்குதுன்னா, காலு கட்டியிருக்கு, பின்ன எப்படி நிக்கும்? சாக்குல ஈரமா? ஆமா, கழிஞ்சிருக்கு. வெள்ளையாத்தான் இருக்கு. வெயிலு தாயி, சூட்டுக்கழிச்சல். தண்ணி காட்டுனாச் சரியாப் போயிரும். எனக்குத் தெரியாதா? கோழி எச்சத்தப் பாத்தே வைத்தியம் சொல்லுதவ நான்.

என்ன சொல்லுத? கொண்டு போகக் கூடாதா?

நீயும் அவள மாதிரியே பேசுதியே! இம்புட்டு நேரம் உனக்கு வாய் வலிக்கச் சொன்னேனே, கடைசியில செத்தது என் சேவலுன்னு. படிச்ச பிள்ள, உனக்குமா புரியல? இல்ல, கோவப்படல. நீ நல்லதுக்குத்தான் சொல்லுத. ஆனா நீ ஒண்ணு யோசிச்சுப் பாரு. மூணு வருசம் கழிச்சுக் கூப்பிட்டிருக்கா. வெறுங்கையோட போயி அவ வாசல்ல நிண்ணா, அவ என்ன நெனப்பா? 'பேசாம இருந்ததுக்குப் பழி வாங்குதா, எம் மவளுக்கு ஒண்ணும் கொண்டாரல'ன்னு நெனைக்க மாட்டா? மறுபடியும் கதவச் சாத்திட்டான்னா நான் எங்க தாயி போவேன்? எனக்கு அவ கையால ஒரு வாய் சோறு திங்கணும். அம்புட்டுத்தான். வேற ஒண்ணும் வேண்டாம்.

அழல. கண்ணுல தூசி. ஜன்னலச் சாத்து.

மேலநத்தம் விலக்கு வந்துட்டா? அண்ணாச்சி, நிப்பாட்டுங்க, ஆளு இறங்கணும்! வயசானவ, கொஞ்சம் பைய நிப்பாட்டுங்க. தாயி, நான் மொதல்ல இறங்கிக்கிடுதேன். கூடைய நீ ஜன்னல் வழியா எடுத்துக் குடு. மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாத, என்ன?

அந்தா! இறங்கிட்டேன். அந்தா நிக்கா பாரு தாயி, வேப்ப மரத்துக்குக் கீழ. ஆவுடைதான். எளச்சுப் போயிட்டாளே! தலையெல்லாம் நரச்சுப் போச்சே! பக்கத்துல பூங்கனி, வயிறும் பிள்ளையுமா, மகாலெச்சுமி மாதிரி. ரெண்டு பேரும் எனக்காகத்தான் ரோடு வரைக்கும் வந்து நிக்காக. ஏட்டி ஆவுடை! இங்கன பாரு! வந்துட்டேன்ட்டி!

பாத்துட்டா. சிரிக்கா பாரு, சிரிக்கா. கைய விரிச்சுக்கிட்டு ஓடியாரா, எங் கையத்தான் பாக்கா, ரெண்டு கையவும் பாக்கா. சிரிப்பப் பாரு. அவ சிரிச்சு எத்தன வருசமாச்சு!

கூடையக் குடு தாயி. சீக்கிரம், கண்டக்டர் விசில் ஊதுதாரு.

குடு. என்ன, பிடிச்சுக்கிட்டே இருக்க? விடு தாயி, என் தங்கச்சி பாத்துக்கிட்டு நிக்கா. நான் வெறுங்கையோட நிக்கேன். பஸ்ஸு நகருதே. குடு தாயி, குடு.